கேமரன் மலையில் வாங்கிய ஒன்பது வண்ணத்துப்பூச்சிகள்: பதினாறு மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

கேமரன் மலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் தேயிலை, ஸ்ட்ராபெரி, சிறு கள்ளிச்செடித் தொட்டி ஆகியவற்றோடு, கண்ணாடிச் சட்டத்துக்குள் பாடம் செய்து பதித்த வண்ணத்துப்பூச்சிகளையும் வாங்கிவருவது மலேசியாவில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் நினைவுப் பொருள் விற்கும் கடைகளின் பின்சுவர்களில் இந்தச் சட்டங்கள் வரிசையாகத் தொங்கும். பதினாறு மாதங்களுக்கு முன் அப்படிப்பட்ட கடை ஒன்றில், 50 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள, ஒன்பது பூச்சிகள் அடங்கிய சட்டம் ஒன்றை 280 ரிங்கிட் கொடுத்து வாங்கி, ஈப்போவில் உள்ள எங்கள் வீட்டு முன்கூடத்தில் மாட்டினேன். வாங்கிய அன்றே எழுதியிருந்தால் இந்த மதிப்பீடு முழுவதும் புகழ்ச்சியாகவே முடிந்திருக்கும். இத்தனை மாதங்கள் அதைத் தினமும் பார்த்து, ஒருமுறை பின்பக்கத்தைப் பிரித்து, பழுது பார்த்து, மீண்டும் மூடிய பிறகு, அதில் மெச்சத்தக்கது எது, குறை எது என்று சொல்லும் நிலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே அமைப்பில், இதே எழுத்துருவில் பெயர் அச்சிட்ட சட்டங்களை அக்கம்பக்கத்துக் கடைகளிலும் பார்த்தேன். ஆகவே என் குறைகள் ஒரு கடைக்கு மட்டும் உரியவையாக இருக்க வாய்ப்பில்லை.

இந்தச் சட்டத்தை நான் வாங்கியதற்குக் காரணம் அதன் நடுவில் இருந்த ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி. நான் தாப்பாவில் வளர்ந்தவன். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், கோலா வோ வெந்நீர் ஊற்றுப் பக்கம், ஈர மணலில் இந்தப் பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து நீர் உறிஞ்சிக்கொண்டிருக்கும் காட்சியைச் சிறுவயதில் பலமுறை கண்டிருக்கிறேன். அப்படிக் கூடுபவை யாவும் ஆண்கள். மண்ணில் ஊறிவரும் தாது உப்புக்காகத்தான் அவை தரையிறங்குகின்றன. பெண்களோ காட்டின் உச்சிக் கிளைகளை விட்டு அதிகமாகக் கீழே வருவதில்லை. காலடிச் சத்தம் கேட்டதும் கறுப்பும் பச்சையுமாக அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பும்போது, சிறு பறவைக் கூட்டம் கலைந்ததுபோலவே இருக்கும். இந்த இனத்தையும் இதன் சுற்றத்தையும் பறவை இறக்கையர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அழைப்பது மிகப் பொருத்தமானது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

சட்டத்தில் இருப்பதும் ஆண் பூச்சிதான். விரித்த நிலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தபோது 16 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. முன் இறக்கையின் வெல்வெட்டுக் கறுப்பில், வெளி விளிம்பை ஒட்டி, ரம்பப் பற்களைப்போல முக்கோண முக்கோணமாகப் பச்சை வரிசை ஓடுகிறது. பின் இறக்கையில் அந்தப் பச்சை பரந்து படர்ந்திருக்கிறது. தலைக்கும் மார்புக்கும் இடையே கழுத்துப்பட்டைபோல ஒரு சிவப்பு. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் அடுக்கியதுபோல ஆயிரமாயிரம் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பது தெரியும். பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட எல்லை வெறுங்கண்ணுக்குக் கத்தியால் வெட்டியதுபோலத் தோன்றினாலும், கண்ணாடியின் அடியில் பச்சைச் செதில்கள் ஒன்றிரண்டாகச் சிதறிக் கறுப்புக்குள் கரைந்துபோவதைக் காணலாம். இதைக் காண்பதற்காகவே 280 ரிங்கிட் தகும் என்று சில நாள்களில் எனக்குத் தோன்றுகிறது.

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் சரவாக்கில் தங்கியிருந்தபோது, 1855ஆம் ஆண்டில் இந்தப் பூச்சியை அறிவியல் உலகுக்கு முதன்முதலாக விவரித்து, அப்போது சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரை இதற்குச் சூட்டினார். இன்று இது மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி. இத்தகைய வரலாறு உடைய பூச்சியை நடுவில் வைத்துவிட்டு, அதன் அடியில் ‘ராஜா புரூக்’ என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதையும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். பெயர்ச் சீட்டைப் பற்றிய என் மனக்குறையைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கைவேலையைப் பாராட்ட வேண்டும். பாடம் செய்வது எளிய வேலை அன்று. பிடித்த பூச்சியை இறக்கைகள் மடிந்த நிலையில் முக்கோணக் காகித உறைக்குள் காயவைத்துத்தான் அனுப்புவார்கள். அந்த நிலையில் அது அப்பளம்போல் நொறுங்கும். அதை ஈரத்துணியோ ஈர மணலோ வைத்து மூடிய பெட்டிக்குள் ஓரிரு நாள் வைத்தால் மூட்டுகள் இளகும். பிறகு நடுவில் பள்ளம் உள்ள விரிப்புப் பலகையில் உடலை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கி, மார்பில் ஊசி குத்தி, இறக்கைகளைக் காகிதப் பட்டைகளால் அழுத்தி, முன் இறக்கையின் பின்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக நிற்கும்வரை மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். விரல் பட்டால் செதில் தூளாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதன்பின் ஒன்றிரண்டு வாரம் காய வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் அதற்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டுப் பலகையிலிருந்து எடுத்தால் சில மாதங்களில் இறக்கைகள் தாமாகவே தொய்ந்து தொங்கிவிடும். என் சட்டத்தில் உள்ள ஒன்பதில் எட்டு இன்றுவரை விரித்த கோணம் மாறாமல் நிற்கின்றன. ஒன்றில்கூடக் கிழிசலை ஒட்டி மறைத்த தடம் இல்லை. இதைச் செய்தவர் கை பழகியவர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அவருடைய பெயரும் சட்டத்தில் எங்கும் இல்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

ஆனால் பின்பக்கத்தைப் பிரித்தபோது வேறு ஒன்றும் தெரிந்தது. ராஜா புரூக்கின் வயிற்றுப் பகுதி அதனுடையது அன்று. மார்பு கன்னங்கரேலென்று இருக்க, அதன் தொடர்ச்சியாக வெளிறிய மஞ்சள் நிற வயிறு ஒன்று பசையால் ஒட்டப்பட்டிருந்தது. நிறத்தைப் பார்த்தால், ராஜா புரூக்கின் சுற்றத்தைச் சேர்ந்த மஞ்சள் பறவை இறக்கையருடையதாக இருக்க வேண்டும். பெரிய பூச்சிகளின் வயிற்றில் உள்ள கொழுப்பு நாளடைவில் எண்ணெயாகக் கசிந்து இறக்கைகளில் கறையாகப் பரவும் என்பதால், வணிகத்துக்குப் பாடம் செய்பவர்கள் வயிற்றைக் கழற்றி, கொழுப்பை நீக்கி, மீண்டும் ஒட்டுவது உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். வேறொரு பூச்சியின் வயிற்றை ஒட்டிவைத்து முழுப் பூச்சி என்று விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கண்ணாடி வழியாக நேராகப் பார்க்கும்போது இறக்கைகளின் உள்விளிம்பு அதை மறைத்துவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து கைவிளக்கை அடித்தால்தான் தெரியும். வாங்குகிறவர்கள் கடையிலேயே இதைச் செய்துபார்க்க வேண்டும். உணர்கொம்புகள் இரண்டும் ஒரே நீளமாக, ஒரே தடிமனாக இருக்கின்றனவா என்பதையும் அதே வெளிச்சத்தில் பார்த்துவிடலாம்.

இனி அந்தப் பெயர்ச் சீட்டுகள். வாங்கும்போது கடையில் உதவியாளராக இருந்த தமிழ் இளைஞர், “அண்ணே, இது எல்லாமே இங்க மலையில புடிச்சதுதான்” என்று உற்சாகமாகச் சொன்னார். அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்பதில் இரண்டு மலேசிய மண்ணையே மிதிக்காதவை. மேல் வரிசையில் வலது ஓரத்தில் பளீரென்று நீலமாக ஒளிரும் பூச்சியின் அடியில் ‘நீல வண்ணத்துப்பூச்சி, மலேசியா’ என்று அச்சிட்டிருக்கிறது. அது மார்ஃபோ. மார்ஃபோ இனங்கள் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரையுள்ள காடுகளில் மட்டுமே வாழ்பவை. ஆசியாவில் ஒன்றுகூட இல்லை. கீழ் வரிசையில் பச்சை, பொன், செம்பு என்று பல நிறத்தில் மின்னுவதற்கு ‘வானவில் வண்ணத்துப்பூச்சி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது வண்ணத்துப்பூச்சியே அன்று. மடகாஸ்கர் தீவில் மட்டும் காணப்படும், பகலில் பறக்கும் அந்துப்பூச்சி. அதன் பின் இறக்கையில் இருக்க வேண்டிய வால் முனைகளில் இரண்டு ஒடிந்தும் போயிருந்தன.

சுவரில் அழகாகத் தொங்கும் பொருளுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று என் மனைவியே கேட்டார். தேவை என்றுதான் நான் கருதுகிறேன். இந்தச் சட்டங்களை வெறும் அலங்காரம் என்று சொல்லி விற்பதில்லை. இயற்கை வரலாற்றுக் காட்சி என்ற பெயரில், கல்விப் பொருள் என்ற மதிப்பைச் சேர்த்து விற்கிறார்கள். எங்கள் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பெயர் சொல்லப் பழகுகிறார்கள். வாலஸ் தாம் சேகரித்த பூச்சிகளின் ஊசியில் எந்தத் தீவில், எந்த ஊரில் பிடித்தது என்று குறித்த சின்னஞ்சிறு வட்டச் சீட்டுகளைக் குத்திவைத்தார். அவற்றில் பல இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் ஆய்வாளர்கள் அவற்றை எடுத்துப் படிக்க முடிவது அந்தச் சீட்டுகளால்தான். பிடித்த இடம், பிடித்த நாள், பூச்சியின் சரியான பெயர், ஆணா பெண்ணா, காட்டில் பிடித்ததா பண்ணையில் வளர்த்ததா, இவ்வளவையும் ஒரு பெருவிரல் அகலச் சீட்டில் எழுதிவிடலாம். அதற்கு ஆகும் செலவு ஒன்றும் இல்லை. மலேசியா என்று பொய்யாக அச்சிடுவதற்கும் அதே மைதான் செலவாகிறது.

எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. நடு வரிசையின் இடது ஓரத்தில் இலை வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. மற்ற எட்டையும்போல அதையும் மேல்பக்கம் தெரியும்படிதான் பதித்திருக்கிறார்கள். நீலச் சாம்பலில் ஆரஞ்சுப் பட்டையோடு அழகாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பூச்சியின் பெருமை அடிப்பக்கத்தில் அல்லவா இருக்கிறது! இறக்கையை மூடி உட்கார்ந்தால் நடு நரம்பு, கிளை நரம்பு, பூஞ்சை பட்ட புள்ளி, காம்பு உட்படக் காய்ந்த சருகு ஒன்று கிளையில் ஒட்டியிருப்பதாகவே தோன்றும். பறவையின் கண்ணை ஏமாற்றும் அந்தப் பக்கத்தை நுரை அட்டையை நோக்கித் திருப்பி, பார்ப்பவருக்குத் தெரியாமல் செய்துவிட்டார்கள். ஒரு பக்கம் விரித்தும் ஒரு பக்கம் மூடியும் இரண்டு பூச்சிகளை வைத்திருக்கலாம். இடம் போதாதென்றால் அந்த மடகாஸ்கர் அந்துப்பூச்சியை எடுத்திருக்கலாம்.

நிறம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதே பலரும் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி. விடை பூச்சிக்குப் பூச்சி மாறும். மார்ஃபோவின் நீலத்தில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையாது. செதிலின் மேற்பரப்பில் உள்ள மிக நுண்ணிய வரிமேடுகளும் அவற்றின் பக்கவாட்டு அடுக்குகளும் ஒளியைச் சிதறடித்துத் திருப்பும்போது நீலம் மட்டும் பலமடங்காகி நம் கண்ணை அடைகிறது. சட்டத்தின் முன்னால் இடமிருந்து வலமாக நடந்தால் அந்த நீலம் ஊதாவை நோக்கிச் சாய்வதைப் பார்க்கலாம். அந்த அமைப்பு சிதையாதவரை நிறம் போகாது. என் சட்டத்தில் உள்ள மரகத நிறப் பூச்சியும் அப்படிப்பட்டதே. அதன் செதில்களில் கிண்ணம்போன்ற குழிகள் இருக்கின்றன; குழியின் நடுவிலிருந்து மஞ்சளும் விளிம்பிலிருந்து நீலமும் வருகின்றன; இரண்டையும் பிரித்தறிய முடியாத நம் கண் அதைப் பச்சை என்று கொள்கிறது. இவ்விரண்டும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கின்றன. மாறாக, இறக்கை நுனியில் ஆரஞ்சு தீட்டிய பெரிய வெள்ளைப் பூச்சியின் நிறம் சாயத்தால் ஆனது. சட்டத்தை முதலில் மாட்டிய இடத்தில் மாலை வெயில் ஒரு மணி நேரம் விழுந்துகொண்டிருந்தது; எட்டு மாதத்தில் அந்த ஆரஞ்சு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளுத்து, பூசணிக்காய் நிறம் மாம்பழத் தோல் நிறமாகிவிட்டது. இது என் தவறுதான், கடையின் தவறு அன்று. ஆனாலும் 280 ரிங்கிட் விலைக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு போட்டுக் கொடுத்திருக்கலாம். போட்டிருப்பது சாதாரணக் கண்ணாடி. வெயில் படாத உள்சுவருக்கு மாற்றிய பிறகு அது மேலும் வெளுக்கவில்லை.

ஒளியைவிடப் பெரிய எதிரி பூச்சியைத் தின்னும் பூச்சிதான். பத்தாவது மாதத்தில், மஞ்சள் பறவை இறக்கையரின் நேர்க்கீழே, வெள்ளை அட்டையின் மேல் மூக்குப்பொடி தூவியதுபோலப் பழுப்புத் தூள் சிறிது சேர்ந்திருப்பதைக் கண்டேன். முதலில் செதில் உதிர்ந்ததாக நினைத்துத் துடைக்கும் எண்ணத்தில் சட்டத்தைத் தட்டினேன். மறுவாரம் தூள் இரட்டிப்பாகியிருந்தது. பின்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தபோது, மார்பின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், உடம்பெல்லாம் மயிராக, ஒரு புழு. அருங்காட்சியகக்காரர்கள் பேயைப்போல் அஞ்சும் அந்தச் சிறு வண்டின் புழு அது. காய்ந்த உடலை உள்ளிருந்து அரித்துத் தின்றுகொண்டே போகும். கடைசியில் ஊசியில் நான்கு இறக்கைகள் மட்டும் மிஞ்சும், அவையும் ஒருநாள் உதிர்ந்துவிடும். மேலே எட்டு நிற்கின்றன என்று சொன்னேன் அல்லவா? தொய்ந்துபோன ஒன்பதாவது இதுதான்.

புழு எப்படி நுழைந்தது என்பதைச் சட்டத்தின் பின்பக்கமே சொன்னது. மெல்லிய பலகையை நான்கே ஆணிகளால் அடித்திருந்தார்கள். ஓரத்தில் தாள் ஒட்டவில்லை. ஒரு மூலையில் என் விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. உள்ளே ஓர் அந்துருண்டைத் துண்டுகூட இல்லை. ஈப்போவின் ஈரக் காற்று தாராளமாகப் போய்வந்ததால், கீழ் ஓரத்தில் பூஞ்சையும் வெள்ளையாகத் தொடங்கியிருந்தது. நான் செய்த பரிகாரத்தை இதே தொல்லையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சட்டம் முழுவதையும் காற்றுப் புகாத நெகிழிப் பையில் போட்டு ஒட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தேன். எங்கள் வீட்டு ஃப்ரீசரில் அது நுழையாது என்பதால், பழக்கமான ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவருடைய பெரிய பெட்டியில் இடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வெளியே எடுத்ததும் உடனே பையைப் பிரிக்கக் கூடாது. உள்ளே இருப்பது அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒருநாள் அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் இறக்கைமேல் நீர் துளிர்த்துவிடும். பிறகு பூஞ்சையை உலர்ந்த தூரிகையால் நீக்கி, மூலையில் அந்துருண்டை ஒன்றை மெல்லிய துணியில் முடிந்து வைத்து, அருகில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றும் போட்டு, நான்கு ஓரத்திலும் பழுப்புத் தாள் பட்டையை இடைவெளி இல்லாமல் ஒட்டினேன். ஆறு மாதமாகத் தூள் விழவில்லை. இந்தக் கடைசி வேலைக்குக் கடைக்காரருக்குப் பத்து நிமிடமும் ஐந்து ரிங்கிட்டும் ஆகியிருக்கும். வெப்ப நாட்டில் இத்தகைய பொருளை விற்கிறவர் அதைச் செய்யாமல் விட்டதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

இந்தப் பூச்சிகளை விற்கலாமா, வாங்கலாமா என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. ராஜா புரூக்கும் மஞ்சள் பறவை இறக்கையரும் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக ஏற்றுமதி அனுமதிச் சீட்டு வேண்டும். மலேசியாவுக்குள்ளேயே 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ராஜா புரூக்கைப் பாதுகாக்கப்பட்ட இனமாக வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் பிடிக்கவோ விற்கவோ கூடாது. நான் உரிமத்தைக் கேட்டபோது கடைக்காரர் மேசை அறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். அது அவருக்குச் சேர வேண்டிய பாராட்டு. ஆனால் என் கண்ணாடிச் சட்டத்தில் உள்ள இந்தக் குறிப்பிட்ட பூச்சி எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பதில்லை என்று அவரே சொன்னார்.

தஞ்சாவூரிலிருந்து எங்களைப் பார்க்க வந்த அத்தை மகன் இந்தச் சட்டத்தின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, “மச்சான், நானும் ஒண்ணு வாங்கிட்டுப் போகலாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அனுமதிச் சீட்டு இல்லாமல் விமான நிலையத்தில் பிடிபட்டால் பொருளும் போகும், வழக்கும் வரும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல வண்ணத்துப்பூச்சி இனங்களைக் காக்கிறது; 2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழக அரசு அறிவித்தும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கும் பறவை இறக்கையரும் நம் ராஜா புரூக்கும் நெருங்கிய உறவு. இரண்டின் புழுவும் ஈசுவரமூலி வகைக் கொடிகளைத்தான் தின்று வளர்கிறது. அந்தக் கொடியின் நஞ்சு புழுவின் உடம்பில் தங்கி, பறவைகளிடமிருந்து அதைக் காக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு ஈசுவரமூலிக் கொடியைத் தோட்டத்தில் நடச் சொன்னேன். ஊர் திரும்பியதும் நட்டிருக்கிறார்.

சட்டம் வாங்குவதே தவறு என்று நான் நினைக்கவில்லை. பாப்புவா நியூகினியில் அரசே 1978இல் புலோலோ என்னும் ஊரில் ஒரு நிறுவனம் அமைத்து, கிராமத்தார் தங்கள் தோட்டத்தில் கொடி நட்டு வளர்த்த பூச்சிகளை முறையாக வாங்கி விற்றுவந்திருக்கிறது. காட்டை வெட்டாமல் வைத்திருப்பதற்கு அவர்களுக்கு அது ஒரு காரணமாகிறது. நம் பேராக் மாநிலத்திலேயே, கோப்பேங் அருகே உலு கெரோவில், செமாய்ப் பூர்வகுடி மக்கள் ராஜா புரூக் கூடும் இடங்களுக்குப் பயணிகளை அழைத்துச் சென்று காட்டி வருமானம் பெறுகிறார்கள். உயிரோடு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே போகலாம். பினாங்கு தெலுக் பகாங்கில் 1986 முதல் இயங்கிவரும், இப்போது எண்டோபியா என்று பெயர் மாறியிருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பண்ணைக்கும் போகலாம். கோலா வோவில் என் சிறுவயதில் பார்த்த கூட்டத்தை இப்போது பார்க்க முடியவில்லை. சென்ற முறை அரைநாள் காத்திருந்து ஏழு எண்ணினேன்.

மூன்று மாதங்களுக்கு முன் அதே கடைக்கு மீண்டும் போனேன். மஞ்சள் வயிற்றையும் பழுப்புத் தூளையும் கைப்பேசியில் எடுத்த படங்களைக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் மறுக்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. பணத்தைத் திருப்பித் தர இயலாது என்றும், கெட்டுப்போன பூச்சியை இலவசமாக மாற்றித் தருவதாகவும் சொன்னார். நான் மாற்ற விரும்பவில்லை. அதற்குப் பதிலாக, பாடம் செய்பவரைத் தொலைபேசியில் அழைத்து ராஜா புரூக் எந்தப் பக்கம் பிடித்தது என்று கேட்டுச் சொல்லும்படி வேண்டினேன். சற்று நேரம் பேசிவிட்டு, தாப்பாப் பக்கம், ஆற்றங்கரை, ஆண்டு சரியாக நினைவில்லை என்று சொன்னார். இந்தச் சேவைக்காக அந்தக் கடையை நான் மதிக்கிறேன். ஆனாலும், பின்பக்கம் ஒட்டாமல், பெயர் தவறாக அச்சிட்டு விற்கும் வரை, ஒன்பது பூச்சிச் சட்டத்தை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதே கடையில் 65 ரிங்கிட்டுக்கு ஒற்றைப் பூச்சிச் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் வயிறு மாறியதில்லை, பின்பக்கம் தாளும் ஒட்டியிருக்கிறது. இலை வண்ணத்துப்பூச்சியின் அடிப்பக்கம் தெரியும்படி ஒன்று செய்து தரச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். சீட்டில் இடமும் நாளும் எழுதித் தந்தால்தான் மீதிப் பணம் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய சட்டத்தின் பின்பக்கத் தாளில் பென்சிலால் எழுதினேன்: ‘ராஜா புரூக், ஆண், தாப்பா ஆற்றங்கரை, வயிறு வேறு பூச்சியுடையது. மார்ஃபோ, தென் அமெரிக்கா. கீழ் வரிசையில் உள்ளது அந்துப்பூச்சி, மடகாஸ்கர்.’